குருளையும் ஏழு சொற்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் ஆண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, நாய்க்குட்டி வளர்ப்பதைப் பற்றி என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "குறியீடாகவா ஐயா?" என்று கேட்டார். குறியீடு அன்று, நான்கு கால்களும் ஒரு வாலும் உடைய, இந்த நேரத்தில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் யாருடைய செருப்பையோ பார்த்தபடி படுத்திருக்கக்கூடிய உண்மையான நாய்க்குட்டி என்று விளக்கினேன். பத்தாண்டுப் பழக்கத்தின் காரணமாக அவர் இசைந்தார். அவருக்கு என் நன்றி.

இந்தப் பத்தாண்டுகளில் இந்த அவையில் நாம் சொல்லைப் பற்றித்தான் மிகுதியாக வாதாடியிருக்கிறோம். மரபா, புதிதா என்று வாதாடினோம். பிறமொழிச் சொல்லைக் கவிதையில் விடலாமா கூடாதா என்று ஒரு மாலை முழுவதும் வாதாடி, தேநீர் ஆறிப்போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நாம் ஒரு சொல்லைத் தவறாகக் கையாண்டால் நமக்கு என்ன நேர்ந்துவிடுகிறது? மிஞ்சிப் போனால் ஒரு விமரிசனம் வரும். அதற்கும் மறுப்பு எழுதிவிடுகிறோம். கடந்த ஏழு மாதங்களாக நான் வேறொரு வகைக் கேட்பவனோடு வாழ்கிறேன். நான் சொல்லைத் தவறாகக் கையாண்டால் அவன் அந்தக் கணத்திலேயே காட்டிவிடுகிறான். அந்த அனுபவத்தைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் பெயர். நாயின் குட்டியை என்னவென்று அழைப்பது என்பதைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்து வைத்திருக்கிறார். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப் பெயர் குருளை என்கிறார். நரிக்கும் அது பொருந்தும் என்கிறார். குட்டி என்றும் பறழ் என்றும் சொன்னாலும் விலக்கில்லை என்று பெருந்தன்மையோடு இடமும் விடுகிறார். புலியையும் நாயையும் ஒரே சொல்லின்கீழ் வைத்த அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தது. பிற்காலத்தில் நாம் நாயை அவ்வளவு மதிப்பாக நடத்தவில்லை. மணிவாசகப் பெருமான் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயைத்தான் தேடிப் போனார். இன்று தெருச்சண்டையிலும் அந்தச் சொல் அதே வேலையைச் செய்கிறது. நாலடியார் ஒன்றுதான் நமக்கு ஆறுதல். யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதே வாலைக் குழைக்கும். ஆகவே நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்பது அதன் கருத்து. இந்தப் பாட்டை நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன். அப்போதெல்லாம் அது நாயைப் புகழும் பாட்டு என்றே மாணவர்களுக்குச் சொன்னேன். அந்த வேலை எறிந்தவன் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது தை மாதத்தில். எங்கள் தெருமுனையில் ஒரு நாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. கல்லூரி செல்லும் என் பேத்தி அன்றாடம் போய்ப் பார்த்து வந்தாள். எட்டு வாரம் ஆகும்வரை எடுக்கக்கூடாது என்பது அவள் கட்டளை. பால்குடி மறந்த அன்றே குட்டியைத் தூக்கி வந்துவிடுவது நம் வழக்கம். அது பிழையாம். குட்டி கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தன் உடன்பிறப்புகளிடமும் தாயிடமும் அந்த வாரங்களில்தான் கற்கிறது. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி, அந்தப் பாடத்தை நம் கைவிரல்களில் படிக்கும். எட்டு வாரம் முடிந்த பிறகு, தேன்நிறத்தில், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்த ஆண் குட்டி ஒன்று எங்கள் வீட்டு வாசற்படி ஏறியது. சாதி? நாட்டு நாய். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நிலத்துக்கே உரிய புகழ்பெற்ற இனங்கள் உண்டு. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆனால் வேட்டைக்கும் ஓட்டத்துக்கும் பிறந்த அந்த இனங்களைப் புதுவைத் தெருவின் ஒட்டுவீட்டில் அடைத்து வைப்பது அவற்றுக்குச் செய்யும் நன்மை அன்று. தெருநாயின் குட்டிக்குத் தெருவின் வெயிலும் இரைச்சலும் பரம்பரைச் சொத்து.

பெயர் சூட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திர பல்லவன் காலத்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த ஓர் இளைஞனுக்காக எடுத்த கல். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்து, அவனருகே காவலாக நின்ற செய்தி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்! எத்தனையோ மனிதர்கள் பெயரில்லாமல் மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. ஆகவே இவனுக்கும் கோவிவன் என்றே பெயர் வைப்பது என்று அறிவித்தேன். பேத்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கல்லுல வெட்ட நல்லா இருக்கும் தாத்தா, கூப்பிட நீளமா இருக்கு" என்றாள். இரண்டு அசைக்கு மேல் போனால் நாய்க்குப் பெயர் தேயும் என்றாள். கோவி என்று முடிந்தது. நடுகல் தேவைப்படும்போது முழுப்பெயரையும் பொறித்துக்கொள்ளலாம் என்று நான் சமாதானம் அடைந்தேன்.

அடுத்து மொழிச் சிக்கல். புதுவையில் இது சாதாரணச் சிக்கல் அன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். பிரான்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் வீடுகள் சிலவற்றில் நாயிடம் பிரெஞ்சு பேசுவதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். வீட்டில் மனைவி மக்களிடம் தமிழ். நாயிடம் மட்டும் "அஸி", "குஷே". பின்னர் அந்த இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. தனித்தமிழில் மேடையேறி முழங்கும் அன்பர்கள் பலரின் வீட்டு நாய்கள் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவை. பெயர் கூறமாட்டேன்; இரண்டு பேர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அதிகாரம் செய்யவேண்டுமானால் ஆண்டவனின் மொழியில்தான் செய்யவேண்டும் என்ற எண்ணம் நமக்குள் எங்கோ தங்கிவிட்டது போலும். பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் இது. நாயை மனிதனின் தோழனாகக் குழந்தைக்கு அறிமுகம் செய்து வைத்தவர் அவர். அந்தத் தோழனோடு தமிழில் பேச நமக்கு ஏன் கூச்சம்?

எங்கள் வீட்டில் நடந்தது இதைவிடக் குழப்பம். என் மகன் "கம்" என்றான். பிரெஞ்சு படிக்கும் பேத்தி "வியன்" என்றாள். மருமகள் "இங்க வாடா செல்லம்" என்றாள். நான் "வருக" என்று சொல்லவில்லை. அந்த அளவுக்குப் போகவில்லை. "வா" என்றேன். என் துணைவியார் எதுவும் சொல்லாமல் உணவுத் தட்டைத் தட்டினார். கோவி யாரிடம் ஓடினான் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போனது. குட்டி மந்தம் என்று மகன் தீர்ப்புக் கூறினான். பேத்திதான், "அது மந்தம் இல்லப்பா. நாம நாலு பேரும் நாலு நிகண்டு வெச்சிருக்கோம்" என்றாள். அன்று இரவு வீட்டில் ஒரு கூட்டம் கூடியது. நம் வட்டத்தின் எந்தக் கூட்டத்தையும்விட ஒழுங்காக நடந்த கூட்டம் அது. ஏழு சொற்கள் போதும். அவை தமிழில் இருக்கும். ஒரு செயலுக்கு ஒரு சொல். வீட்டில் எல்லோரும் அதே சொல்லை அதே வடிவில் சொல்லவேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. வா, உட்கார், இரு, படு, விடு, வேண்டாம், வெளியே என்று நான் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாளே தவறு தெரிந்தது. படு, விடு இரண்டும் எதுகை. கவிதைக்கு அழகு, குட்டிக்கு இடர். வாயில் கவ்விய காலுறையை "விடு" என்றால், கவ்வியபடியே படுத்துக்கொள்கிறான். விடு என்பதற்குப் பதிலாகத் தா என்று மாற்றலாம் என்றேன். தா என்றால் வா என்று கேட்டு, காலுறையோடு ஓடிவருகிறான். வேண்டாம், வெளியே இரண்டும் மோனை. சிறுநீர் கழிக்கத் தோட்டத்துக்கு அழைத்தால், தான் ஏதோ குற்றம் செய்ததாக எண்ணித் திகைத்து நிற்கிறான். எதுகையும் மோனையும் தமிழின் உயிர் என்று முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் அன்று அவற்றை ஒவ்வொன்றாகக் களையெடுத்தேன். வெளியே என்பது போய்த் தோட்டம் வந்தது. படு என்பது போய்ப் பாய் வந்தது. அவன் படுக்கும் கோரைப் பாயைச் சுட்டி. பாய் என்றால் தாவு என்றும் பொருள்படுமே, சிலேடை ஆகிறதே என்று நான் தயங்கினேன். "அவனுக்கு ஒரு பொருள்தான் தாத்தா தெரியும். நீங்க இன்னொண்ணு சொல்லிக் குடுக்காம இருந்தா போதும்" என்றாள் பேத்தி.

இதற்கு அறிவியல் ஆதரவும் இருக்கிறது. ஜெர்மனியில் ரிக்கோ என்ற நாய் 200க்கும் மேற்பட்ட பொருள்களைப் பெயரால் பிரித்தறிந்தது என்ற ஆய்வு 2004இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சேசர் என்ற நாய் 1022 பெயர்களைக் கற்றதாக 2011இல் எழுதினார்கள். அவை ஆடு மேய்க்கும் இனத்தின் மேதைகள், விட்டுவிடுவோம். எனக்கு நெருக்கமாகப் பட்டவை அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகர ஆய்வுகள். நாய்களைப் படமெடுக்கும் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவை நம் பேச்சைக் கேட்கும்போது மூளையில் நிகழ்வதைப் பார்த்தார்கள். புகழும் சொல்லைப் புகழும் குரலில் சொன்னபோதுதான் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி மிகுதியாக இயங்கியது. வெறும் சொல் போதவில்லை. வெறும் குழைவும் போதவில்லை. 2016இல் வெளிவந்த முடிவு இது. சொல்லும் ஓசையும் ஒன்றாக வரவேண்டும் என்று நாம் இங்கே எத்தனை முறை பேசியிருக்கிறோம்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். லாரா குவாயா என்ற ஆய்வாளர் மெக்சிகோவிலிருந்து தம் நாயோடு அங்கேரிக்குக் குடிபெயர்ந்தவர். ஊரில் மொழி மாறிவிட்டது இந்த நாய்க்குத் தெரியுமா என்று அவருக்கு ஐயம். 18 நாய்களுக்கு ஒரே கதையை ஸ்பானிய மொழியிலும் அங்கேரிய மொழியிலும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பழகிய மொழி வேறு, பழகாத மொழி வேறு என்று நாய்களின் மூளை பிரித்தறிந்தது. இது 2022இல் வந்த ஆய்வு. அவர்கள் தேர்ந்தெடுத்த கதை செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்'. 1943இல் பிரெஞ்சில் வந்த நூல். தன்னைப் பழக்கிக்கொள்ளும்படி ஒரு நரி கேட்கும் நூல். நரியின் குட்டியும் குருளைதான் என்று தொல்காப்பியர் சொன்னதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி, பழக்கும் முறை. இதில் மறைபொருள் எதுவும் இல்லை. குட்டி தானாக உட்காரப் போகும் கணத்தில் "உட்கார்" என்று ஒருமுறை சொல்லவேண்டும். உட்கார்ந்த உடனே வேகவைத்த கோழித்துணுக்கு ஒன்றைத் தரவேண்டும். உடனே என்றால், ஒரு மாத்திரை இரண்டு மாத்திரைக்குள். கண்ணிமைக்கும் நேரம் என்பதை இலக்கணத்தில் அளவாகப் படித்தவர்கள் நாம். நாய்க்குட்டியிடம்தான் அதன் பயனைக் கண்டேன். நான்கு நொடி தாழ்ந்தால், அந்தத் துணுக்கு வேறு எதற்கோ கிடைத்த பரிசாகிவிடும். ஒரு நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பாடம் கூடாது. ஒருமுறை சொன்னதைக் கேட்கவில்லையென்றால் பத்துமுறை சொல்லக்கூடாது. "உட்கார், உட்கார், உட்காருடா" என்றால், மூன்றாவது முறைதான் உட்காரவேண்டும் என்று அவன் படித்துக்கொள்கிறான். அடுக்குத்தொடர் நமக்கு அணி. அவனுக்குத் தவறான பாடம்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்வதற்கும் இதே நேரக்கணக்குத்தான். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கமுடியாது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி ஓய்ந்ததும் தோட்டத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், "தோட்டம்" என்று சொல்லிக் காத்திருக்கவேண்டும். இரவில் இருமுறை எழவேண்டும். என் துணைவியார், நம் பிள்ளைக்குக்கூட நீங்கள் இப்படி எழுந்ததில்லை என்றார். உண்மை, அவையறியச் சொல்கிறேன். கூடத்தில் கழித்துவிட்டால் மூக்கை அதில் தேய்த்து அடிப்பது நம்மிடையே இன்றும் உள்ள வழக்கம். செய்து நெடுநேரம் ஆனதற்கு அடித்தால், தான் கழித்ததற்கு அடி என்று குட்டி அறியாது. நம் கை வந்தால் அடி வரும் என்று மட்டும் அறியும். பிறகு நாம் காணாத இடத்தில், கட்டிலின் அடியில் போய்க் கழிக்கும். அதைத் திருட்டுத்தனம் என்கிறோம்.

கடித்தல் ஒரு பருவம். 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் மூன்றாம் மாதம் முதல் ஏழாம் மாதம்வரை ஈறு ஊறும். எதையாவது கடித்தே ஆகவேண்டும். கடிக்கத் தகுந்ததை நாம் தராவிட்டால், தகாததை அவனே தேர்ந்தெடுப்பான். அவ்வாறு அவன் தேர்ந்தெடுத்தவற்றுள், இந்த வட்டத்தின் அன்பர் ஒருவர் கையெழுத்திட்டு அளித்த கவிதைத் தொகுதியும் ஒன்று. எந்தத் தொகுதி என்று வற்புறுத்திக் கேட்டாலும் சொல்லமாட்டேன். முன்னுரையை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

உணவைப் பற்றி நீட்டவில்லை. பால்சோறு ஊற்றியே குட்டியை வளர்ப்பது தவறு. பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, கழிச்சல் வரும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகியவை நஞ்சு. வெந்த கோழியெலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

தடுப்பூசியில் மட்டும் சற்று நிற்கவேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம்வரை பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கு ஊசி; மூன்றாம் மாதத்தில் வெறிநோய்க்கு ஊசி. 1885 சூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்தர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்தருக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார், அவன் பிழைத்தான். நம் பக்கத்தில் 1907இல் குன்னூரில் பாஸ்தர் நிலையம் திறந்தார்கள். இவ்வளவு காலம் ஆன பிறகும், நோய்க்குறி தோன்றிவிட்டால் வெறிநோய்க்கு மீட்சி இல்லை என்னும் நிலை மாறவில்லை. கடித்தவுடன் சவுக்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போடத் தொடங்குவதே வழி. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்தாதீர்கள். நம் ஊரிலேயே குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கவிதைக்கு நேரம் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

இந்த ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதே என்கிறது மருத்துவம். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரை காணும் உலகமே நாய்க்குத் தன் உலகம்; அதற்குப் பிறகு காண்பதெல்லாம் அச்சம் என்கிறது இன்னோர் ஆய்வு. ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நெடுங்காலம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய நூல் அதற்கு அடிப்படை. இரண்டுக்கும் இடையில் ஒரே வழிதான் உண்டு: குட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது. ஆகவே இந்த ஆண்டு மாசி மகத்துக்கு நான் கோவியை மார்போடு அணைத்துக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். மயிலம் முருகனும் பிற ஊர்த் தெய்வங்களும் கடலாடும் கூட்டத்தில், மேளச் சத்தம் தாங்காதபடி விலகி, ஒரு படகின் நிழலில் நின்றேன். முதலில் அவன் உடம்பு நடுங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துணுக்குக் கோழி தந்தேன். அரைமணியில் நடுக்கம் நின்று, வெடி எப்போது வரும் என்று என் சட்டைப்பையைப் பார்க்கத் தொடங்கினான். என் முன்னாள் மாணவர்கள் சிலர் என்னை அந்தக் கோலத்தில் கண்டு வணங்கிவிட்டு விரைந்து சென்றார்கள்.

இவ்வளவும் நான் இந்த வயதில் கற்றவை. இவற்றை அறியாமல் ஒரு நாயை நான் முன்பே வளர்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிப்பது நேர்மை ஆகாது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், முத்தியால்பேட்டையில் சாலையோர வீடு ஒன்றில் குடியிருந்தபோது மணி என்று ஒரு நாய் இருந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அப்போது நான் இளைஞன். வகுப்பில் பிரம்பு வைத்திருந்தவன். வீட்டிலும் அதே முறைதான். மணி செருப்பைக் கடித்தால், "மணி, வா" என்று அழைப்பேன். வரும். வந்ததும் சுருட்டிய செய்தித்தாளால் அடிப்பேன். குளிப்பாட்டவேண்டும் என்றால், அதற்குப் பிடிக்காது என்பதால் குரலைக் குழைத்து "வா, வா" என்பேன். வரும். பிடித்துக்கொள்வேன். மாலையில் சங்கிலியில் கட்டுவதற்கும் "வா"தான். ஒரே சொல்லை நான்கு வகைப் பொய்க்குப் பயன்படுத்தினேன். நாளடைவில் வா என்றால் மணி உடனே வராது. தலையைத் தாழ்த்தி, காதை மடித்து, பாதி வழியில் படுத்துக்கொள்ளும். கீழ்ப்படியாத நாய் என்று அதற்கும் அடித்தேன்.

ஒரு பிற்பகல் வெளிக்கதவு திறந்திருந்தது. மணி சாலையின் நடுவில் எதையோ முகர்ந்துகொண்டு நின்றது. வடக்கிலிருந்து மணல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எனக்கும் மணிக்கும் இடையே பத்தடி தூரம்தான். பத்தடியை ஒரு நாய் எவ்வளவு நேரத்தில் கடக்கும்? நான் உரத்த குரலில் "மணி, வா!" என்று கத்தினேன். மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. என் குரலைக் கேட்டது; என் முகத்தைப் பார்த்தது. காதை மடித்து, வாலை ஒடுக்கி, அந்த இடத்திலேயே சாலையில் படுத்துக்கொண்டது. வால்நுனி மட்டும் மெதுவாக அசைந்தது.

லாரி ஓட்டுநர் இறங்கி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தவறு அவருடையது அன்று என்று அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே வாரத்தில் பள்ளியில் அந்த நாலடியார் பாட்டை நடத்தவேண்டி வந்தது. வேல் தைத்த நாய் வாலைக் குழைக்கும் இடம் வந்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டு, மாணவர்களை எழுத்து வேலை செய்யச் சொன்னேன். வேலை எறிந்தவன் யார் என்று நான் கேட்காமல் இருந்ததாக முன்பு சொன்னேன் அல்லவா? அதன் பிறகும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்குக் காரணம் மட்டும் தெரிந்திருந்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் எங்கள் வீட்டில் நாய் இல்லை. பேத்தி கேட்கும்வரை, ஏன் என்று யாருக்கும் நான் கூறியதும் இல்லை.

அவளிடம் கூறிய பிறகு, சுவரில் ஒட்டிய தாளில் முதல் சொல்லைச் சுற்றி அவள் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டாள். வா என்ற சொல்லுக்கு மட்டும் எங்கள் வீட்டில் தனிச்சட்டம். வா என்று அழைத்து மருந்து கொடுக்கக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது, கட்டக்கூடாது, கடிந்துகொள்ளக்கூடாது. அவற்றையெல்லாம் செய்யவேண்டுமானால் நாம் எழுந்து அவனிடம் போகவேண்டும். வா என்று சொன்னால், அவன் என்ன செய்துவிட்டு வந்தாலும், வந்ததற்கு மகிழ்ச்சியும் கோழித்துணுக்கும் உண்டு. ஒருநாள் அவன் மகனின் வங்கிப் புத்தகத்தைக் கடித்துவிட்டு, அதன் அட்டையோடு தோட்டத்து மூலையில் நின்றான். மகன் சினத்தோடு "வா" என்று தொடங்கியதும், மருமகள் தாவிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். பிறகு மகன் அமைதியாக நடந்துபோய், "விடு" என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டான். திட்டுவதை என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டான்.

சென்ற மாதம், மாலையில் வண்டிகள் விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே நடந்துகொண்டிருந்தோம். கழுத்துப்பட்டையின் கொக்கி நழுவிவிட்டது. பலூன்காரர் ஒருவரைக் கண்டு கோவி பாய்ந்து ஓடினான். நான் "கோவி, வா!" என்றேன். கத்தக்கூடாது என்று அறிந்திருந்தும் கத்திவிட்டேன். அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. அவன் நின்றான்; திரும்பிப் பார்த்தான்; வரவில்லை. பேத்தி என் கையைத் தொட்டு நிறுத்தி, தரையில் முழங்காலிட்டு, வழக்கமான குரலில் ஒருமுறை "வா" என்றாள். முழு வேகத்தில் ஓடிவந்து அவள்மேல் விழுந்தான்.

அவள் அழைத்தால் ஓடி வருகிறான். நான் அழைத்தால் நடந்து வருகிறான். தை மாதத்தில் நின்று யோசித்தவன், இப்போது நடக்கிறான். அன்றாடம் காலையில் தோட்டத்தில் இருபது முறை, கையில் துணுக்குகளோடு, குரலைத் தாழ்த்தி நானும் பயின்று வருகிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கும் வீட்டில் ஏழு மணிக்குத் தோட்டம் என்ற சொல் காத்திருக்கிறது.